பையன் இன்னும் பருவமடையவில்லையே என்று கவலையா? அலையாமல் செய்ய வேண்டியவை, வரிசையாக

வகுப்பில் எல்லாப் பையன்களுக்கும் குரல் உடைந்துவிட்டது, மேலுதட்டில் மீசை அரும்பிவிட்டது. உங்கள் மகன் மட்டும் இன்னும் சின்னப் பிள்ளையாகவே இருக்கிறான். போன வருடம் வாங்கிய கால்சட்டை இந்த வருடமும் அப்படியே பொருந்துகிறது. தொலைபேசியை அவன் எடுத்தால், மறுமுனையில் இருப்பவர் பெண் பிள்ளை என்று நினைத்து "அம்மாகிட்ட குடும்மா" என்கிறார். அவன் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டிவிட்டு அறைக்குள் போய்விடுகிறான்.

என் மகனுக்கு 14 வயது முடிந்தபோது எங்கள் வீட்டில் இதுதான் நிலை. சரியான மருத்துவர் முன்னால் போய் உட்கார அதன் பிறகு எட்டு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். தவறான நேரத்தில் ரத்தம் எடுத்தோம், தேவையில்லாத ஸ்கேன் எடுத்தோம், முடிவுத் தாளைப் பார்த்துப் பல இரவுகள் தூங்காமல் கிடந்தோம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, இந்த வழியில் நடந்து வந்த ஓர் அம்மா. மருந்து பற்றிய முடிவு எப்போதும் உங்கள் மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

1. முதலில் வயதுக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். 10 வயதில் தொடங்கியவனும் 13½ வயதில் தொடங்கியவனும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரித்தான் இருப்பார்கள். இருவருமே இயல்பானவர்கள்.

மீசையையும் குரலையும் வைத்துத்தான் நாம் கணக்குப் போடுகிறோம். அங்கேதான் தவறு. முதலில் வருவது விதைப்பையில் இருக்கும் விதைகள் பெரிதாவது. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் அதற்கு வெகு நாள் கழித்து வருபவை. வேகமாக உயர்வதும் பையன்களுக்குப் பருவத்தின் நடுப்பகுதியில்தான். பெண் குழந்தைகளுக்கு அது ஆரம்பத்திலேயே வந்துவிடும். அதனால் அக்காவோடோ சித்தி மகளோடோ ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: 14 வயது முடிந்தும் விதைகள் பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். தொடங்கி நான்கைந்து வருடம் ஆகியும் முழுமையடையாமல் நின்றுவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். 13 வயதுதான் ஆகிறது, ஆரோக்கியமாக இருக்கிறான், வருடா வருடம் வளர்கிறான் என்றால் இப்போதைக்கு அளவு எடுத்து எழுதிவைத்தால் போதும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அக்குளிலோ அடிவயிற்றிலோ முடி வந்துவிட்டது, அதனால் பருவம் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முடி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலையாலும் வரும். விதைகள் வளராமல் முடி மட்டும் வந்திருந்தால் அது கணக்கில் சேராது.

சில அறிகுறிகள் இருந்தால் 14 வயதுவரை காத்திருக்கவே கூடாது. அடிக்கடி தலைவலி, பார்வை மங்குவது அல்லது பக்கவாட்டில் தெரியாமல் போவது, காலையில் வாந்தி, அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, நாள்பட்ட வயிற்றுப்போக்கு அல்லது வயிற்றுவலி, உயரம் கூடுவது திடீரென்று நின்றுபோவது. இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

2. உயரத்தை முறையாக அளந்து எழுதுங்கள்

மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, "வருடத்துக்கு எத்தனை செ.மீ. வளர்கிறான்?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகள் இருந்தன, தேதி இல்லை. ஒரு கோடு செருப்போடு நிற்கவைத்துப் போட்டதாம்.

நீங்கள் இன்றைக்கே தொடங்கலாம். வெறுங்காலோடு, குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நிற்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் தடிமனான புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்து, அதன் அடி விளிம்பில் கோடு போட்டு, டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். எப்போதும் காலையிலேயே அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு வட்டுகள் அமுங்கி, மாலையில் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். 146.2 செ.மீ. 148.4 ஆகியிருந்தால் வித்தியாசம் 2.2, வருடத்துக்கு 4.4 செ.மீ. பருவம் தொடங்காத பையன் வருடத்துக்கு 4 முதல் 6 செ.மீ. வளர்ந்தால் பொதுவாகக் கவலையில்லை. 4-க்குக் கீழே இறங்கினால் அதை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். மாதாமாதம் அளக்காதீர்கள். வளர்ச்சியைவிட அளக்கும் பிழைதான் அதில் அதிகம், பையனுக்கும் மனச்சோர்வு.

கூடவே உங்கள் இருவர் உயரத்தையும் நிஜமாக அளந்துகொள்ளுங்கள். அடையாள அட்டையில் இருப்பதை நம்ப வேண்டாம். அப்பா உயரமும் அம்மா உயரமும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் பையன் ஏறத்தாழ எட்டக்கூடிய உயரம் கிடைக்கும். அப்பா 172, அம்மா 158 என்றால் 171.5 செ.மீ. இதற்கு மேலேயோ கீழேயோ 8, 9 செ.மீ. வரை போகலாம்.

3. அப்பா எப்போது வளர்ந்தார் என்று கேளுங்கள்

பையன்களுக்குப் பருவம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் நோய் அல்ல. உடம்பின் கடிகாரமே கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். இது குடும்பத்தில் வரும். அப்படிப்பட்ட பையன்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வீட்டில் அப்பாவோ அம்மாவோ மாமாவோ இதேபோல் தாமதமாக வளர்ந்திருப்பார்கள்.

என் கணவரைக் கேட்டேன். "எல்லாரையும் மாதிரித்தான்" என்றார். ஆண்களுக்கு இது சரியாக நினைவிருப்பதில்லை, நினைவிருந்தாலும் சொல்ல மாட்டார்கள். மாமியாரிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "பள்ளிக்கூடம் முடிச்சு காலேஜ் போன பிறகுதானே இவன் வளந்தான். ஒரே வருஷத்துல சட்டையெல்லாம் கையைத் தாண்டி ஏறிப்போச்சு" என்றார். பழைய குழுப் படத்தை எடுத்துப் பார்த்தோம். பள்ளியின் கடைசி வருடத்திலும் என் கணவர் முன்வரிசையில், தரையில் உட்கார்ந்திருந்தார்.

அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: முதன்முதலில் எந்த வயதில் சவரம் செய்தார்? பள்ளி முடிந்த பிறகும் உயரம் கூடியதா? அம்மா எந்த வயதில் பெரியவளானார்? மாமா, சித்தப்பா, பெரியப்பா எப்படி? பதில்களை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

4. பையனிடம் பேசாமல் எதையும் தொடங்காதீர்கள்

இதை நான் கடைசியில்தான் செய்தேன். அதுதான் நான் இன்றும் வருந்துவது. பரிசோதிக்கப்படப்போவது அவனுடைய உடம்பு. அவனுக்குத் தெரியாமல் உறவினர்களோடு போனில் பேசுவது, "சும்மா ஒரு செக்கப்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போவது இரண்டுமே நம்பிக்கையை உடைத்துவிடும்.

பேசுவதற்கு நேருக்கு நேர் உட்கார வேண்டியதில்லை. வண்டியில் போகும்போதோ பாத்திரம் துடைக்கும்போதோ சொல்லுங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு நேரத்துல தொடங்கும். உனக்குக் கொஞ்சம் லேட்டா இருக்கலாம், அப்பாவுக்கும் அப்படித்தான். ஒரு தடவை டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டா நமக்குத் தெளிவாகிடும். டாக்டர் விதைப்பையையும் தொட்டுப் பார்ப்பார். நாங்க உள்ள இருக்கணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பா மட்டும் வரட்டும்" என்றான். பள்ளியில் உடை மாற்றும் அறைக்குள் போகாமல் ஒரு வருடமாகக் கழிப்பறையில் ஒளிந்து மாற்றிக்கொண்டிருந்ததையும் அன்றைக்குத்தான் சொன்னான்.

அவனிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது: வாசனை தெரிகிறதா? கண்ணை மூடச் சொல்லி சோப்பையும் எலுமிச்சைத் தோலையும் முகரக் கொடுத்துப் பாருங்கள். பிறவியிலேயே வாசனை தெரியாத பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். வாசனை தெரியாமல் பருவமும் தாமதமானால் அது கால்மேன் நோய்க்குறி என்ற நிலையாக இருக்கலாம். அது தானாகச் சரியாகாது, சிகிச்சை உண்டு.

5. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

கைக்குக் கிடைப்பதையெல்லாம் தேதி வரிசையில் அடுக்குங்கள்: பிறப்புச் சான்று, பிறந்த எடை, தடுப்பூசி அட்டை, பள்ளி உடல்நலப் பதிவில் இருக்கும் பழைய உயரம் எடை, நீங்கள் அளந்தது, பெற்றோர் உயரம், குடும்ப விவரத் தாள், இதுவரை எடுத்த எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகள். பள்ளிப் பதிவுகளை எழுத்தில் கேட்டு வாங்கச் சில நாள் பிடிக்கும், அதை முதலில் தொடங்கிவிடுங்கள்.

மறக்காமல் எழுத வேண்டியவை சில உண்டு. பிறக்கும்போது விதை இறங்காமல் இருந்ததா, அதற்கு அறுவை செய்ததா? விதையில் அடியோ முறுக்கோ ஏற்பட்டதா? புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ கொடுத்தார்களா? ஆஸ்துமா போன்றவற்றுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தானா? தலசீமியா போன்ற நோய்க்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறீர்களா? மிகக் கடுமையான விளையாட்டுப் பயிற்சி, எடை குறைப்பதற்காகச் சாப்பிடாமல் இருப்பது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே பருவத்தைத் தள்ளிப்போடும்.

6. யாரிடம் போவது

முதலில் உங்கள் வழக்கமான குழந்தைநல மருத்துவரிடம் போங்கள். அவர் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவருக்குக் கடிதம் கொடுப்பார். எண்டோகிரைனாலஜிஸ்ட் என்று பலகையில் போட்டிருந்தாலே போதாது. பெரியவர்களின் நீரிழிவும் தைராய்டும் மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே "14 வயதுப் பையனுக்குப் பருவத் தாமதம், இதைப் பார்ப்பாரா?" என்று நேராகக் கேளுங்கள். காத்திருக்கும் நாள் அதிகம் என்றால், அந்த இடைவெளியில் உயரம் அளப்பதும் கோப்பு சேர்ப்பதும் நடக்கட்டும்.

7. முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

உயரம், எடை பார்ப்பார்கள். பிறகு திரைக்குப் பின்னால் உடம்பைப் பார்ப்பார்கள். மருத்துவர் கையில் ஒரு மணிமாலை இருக்கும். கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகள், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக, ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண், 1 முதல் 25 வரை. அதற்கு ஆர்க்கிடோமீட்டர் என்று பெயர். ஒரு கையால் விதையைத் தொட்டு, இன்னொரு கையால் மணியைத் தடவி, எது ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொல்வார். அந்த எண் மி.லி. கணக்கு. 4 என்றால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். என் மகனுக்கு 3.

மொத்தம் ஒரு நிமிடம்தான், வலியும் கிடையாது. இதற்காக விதைப்பை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. விதை கைக்குத் தட்டுப்படாவிட்டால்தான் ஸ்கேனுக்கு வேலை. நாங்கள் ஒரு இடத்தில் அதை எடுத்துப் பணம் கட்டியது முழுக்க வீண்.

குண்டான பையன்களின் பெற்றோர் ஆண்குறி சிறிதாக இருக்கிறதே என்று பயந்து வருவது அதிகம். பல நேரம் அது அடிவயிற்றுக் கொழுப்புக்குள் புதைந்திருக்கும், அவ்வளவுதான். மருத்துவர் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பரிசோதனை முடிந்ததும் பையனோடு தனியாகப் பேச மருத்துவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். வெளியே போகச் சொல்லாவிட்டாலும் நீங்களே எழுந்து போங்கள்.

8. பரிசோதனைகள்: எதை முதலில், எதைப் பிறகு

முதல் சுற்று: இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே. இதிலிருந்து எலும்பு வயது தெரியும். கை எலும்புகளின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு வயது சொல்வார்கள். கதிர்வீச்சு மிகமிகக் குறைவு, முடிவும் சீக்கிரம் கிடைக்கும், செலவும் குறைவு. 14 வயது 8 மாதமான என் மகனின் எலும்பு வயது 12. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருத்துவர் சிரித்துக்கொண்டே, "நல்ல செய்திதான். உள்ளே கடிகாரம் 12 என்று காட்டுகிறது, இன்னும் வளர நிறைய இடம் இருக்கிறது" என்றார். எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்குங்கள். எழுத்து முடிவு மட்டும் போதாது. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் கணிப்பு மாறும், உங்கள் மருத்துவர் தானே பார்க்க விரும்புவார்.

கூடவே ரத்தம்: ரத்த அணுக்கள், அழற்சி அளவு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான சோதனை. அப்புறம் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்குக் கட்டளையாக அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., விதைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்று ஹார்மோன்கள், தேவைப்பட்டால் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின்.

இந்த மூன்று ஹார்மோன்களில்தான் நாங்கள் ஏமாந்தோம். பள்ளி விட்டு வந்த பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கு ரத்தம் கொடுத்தோம். பருவத்தின் தொடக்கத்தில் இந்த ஹார்மோன்கள் இரவுத் தூக்கத்தில்தான் ஊறத் தொடங்கும். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பகலில் வடிந்துவிடும். மாலையில் எடுத்தால் இருப்பதும் தெரியாது. காலை 8 மணி வாக்கில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கொடுங்கள். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் தள்ளிப்போடுங்கள், அப்போதும் அளவு தாழும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் கலந்த வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள், அது ஹார்மோன் முடிவுகளைக் குழப்பும்.

இன்னொரு பொறி, முடிவுத் தாளின் வலது ஓரம். "இயல்பு அளவு" என்று அங்கே அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்கானது. பருவம் தொடங்காத பையனின் எண் அதற்குப் பக்கத்தில் எப்போதுமே தரைமட்டமாகத்தான் இருக்கும். எங்கள் தாளில் தடித்த எழுத்தில் "மிகக் குறைவு" என்று வந்தது. தாளைக் கொடுத்தவரும், "ஹார்மோன் ஊசி போட்டே ஆகணும்" என்றார். அந்தத் தாளோடு நான் அழுத அழுகைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் அதிகமாக இருந்தால், மூளையிலிருந்து கட்டளை வருகிறது, விதைதான் பதில் தரவில்லை என்று பொருள். அப்போதுதான் குரோமோசோம் பரிசோதனை. க்ளைன்ஃபெல்டர் நிலை, அதாவது ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது, 500 முதல் 1,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் பருவம் நேரத்துக்குத் தொடங்கும், விதைகள் மட்டும் வளராமல் சிறிதாகவே நின்றுவிடும். இந்தப் பரிசோதனைக்குச் செல்களை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். இரண்டும் குறைவாக இருந்தால் வெறும் தாமதமாகவும் இருக்கலாம், கட்டளையே வராத நிலையாகவும் இருக்கலாம். ஒரே நாளில் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, நாள் கடந்துதான் தெரியும். பிட்யூட்டரி சுரப்பியில் சந்தேகம் இருந்தால் தலை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

செலவில் பெரியவை குரோமோசோமும் எம்.ஆர்.ஐ.யும்தான். முதல் சுற்று முடிவு வராமல் இவற்றைச் செய்யச் சொன்னால், "எந்தக் காரணத்துக்காக?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. "முழு உடல் பேக்கேஜ்" வாங்காதீர்கள். அதில் நூறு பரிசோதனை இருக்கும், உங்களுக்கு வேண்டிய மூன்று இருக்காது. மருத்துவக் காப்பீடு இருந்தால், படுக்கையில் சேராமல் எடுக்கும் பரிசோதனைக்குப் பணம் வருமா என்று முன்பே விசாரித்து, மருத்துவரின் சீட்டு, ரசீது இரண்டின் அசலையும் வைத்திருங்கள்.

9. காத்திருப்பதா, ஊசியா

நோய் எதுவும் இல்லை, வெறும் தாமதம்தான் என்று தோன்றினால் இரண்டு வழிகள். இரண்டுமே சரியானவை.

ஒன்று, எதுவும் செய்யாமல் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது. செலவு மருத்துவர் கட்டணம் மட்டும்.

இன்னொன்று, சிறிய அளவு டெஸ்டோஸ்டிரோன். வழக்கமாக மாதம் ஓர் ஊசி, 50 முதல் 100 மி.கி., மூன்று முதல் ஆறு மாதம் வரை. பிறகு நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இது தூங்கும் கடிகாரத்தைத் தட்டி எழுப்புவது மாதிரி. உயரமும் தசையும் கூடும், முடி வரும், முகப்பருவும் வரும். ஆனால் ஊசியால் விதை பெரிதாகாது. விதை பெரிதானால் அவனுடைய சொந்தப் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதனால்தான் நிறுத்திய பிறகும் மணிமாலையோடு ஒருமுறை பார்க்க வேண்டும். நிறுத்தியும் தொடங்கவில்லை என்றால் வேறு காரணம் தேடுவார்கள்.

முடிவெடுப்பதில் என் அளவுகோல் ஒன்றுதான்: பையன் எவ்வளவு கஷ்டப்படுகிறான்? பள்ளிக்குப் போக மறுக்கிறான், நண்பர்களை விட்டு ஒதுங்குகிறான், சாப்பிடாமல் இருக்கிறான் என்றால், "எப்படியும் வளர்ந்துடுவான்" என்ற ஆறுதல் அவனுக்குப் போதாது. ஊசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அவன் சமாளித்துக்கொள்கிறான் என்றால் காத்திருக்கலாம். என் மகன் காத்திருக்கிறேன் என்றான், காத்திருந்தோம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு மருந்தையும், இணையத்தில் விற்கும் "உயரம் கூட்டும்" பொடியையும் வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். அளவு தெரியாத ஆண் ஹார்மோன் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும். விதை சொந்தமாக வேலை செய்வதையும் நிறுத்திவிடும். உயரம் கூட வேண்டும் என்று சாப்பிட்டு, இருக்கிற வாய்ப்பையும் இழந்து நிற்பார்கள்.

10. அடுத்த சந்திப்புகள்

ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர், அதே அளவுகோல், முடிந்தவரை காலை நேரம். தேர்வு மாதத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். போகும் முன் மூன்று வரி எழுதிப் போனால் போதும்: கடைசி அளவிலிருந்து எத்தனை செ.மீ., புதிதாகத் தெரிந்த மாற்றம் என்ன, பையன் கேட்க விரும்பும் கேள்வி என்ன. மூன்றாவது வரியை அவனே எழுதட்டும்.

எங்களுக்கு ஆறு மாதத்தில் 3 என்ற எண் 5 ஆனது. வெளியே ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே குரல், அதே முகம். வேகமாக உயரத் தொடங்கியது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான். நடுவில் உள்ள அந்த அமைதியான வருடத்தில்தான் பலர் பொறுமை இழந்து மருத்துவரை மாற்றுகிறார்கள், பரிசோதனைகளை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் கோப்பு முழுவதையும், எக்ஸ்ரே படத்தோடு, கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.